எப்போதும் அனுமதி

எனக்குப் பொறுமை கிடையாது. அரசு வேலையில் முப்பது வருடம் ஃபைல்களோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்றவனை, பொறுமைசாலி என்று நினைத்துச் சபைக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

எங்கள் இராஜாக்கமங்கலம் பக்கத்து உப்புக்காற்று பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை அரித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கிளவுடில் ஏற்றி, வெளிநாட்டில் இருக்கும் சபையாரும் பார்க்கும்படி லிங்க் கொடுப்பது என்று கமிட்டி முடிவெடுத்தது. படங்களுக்குப் பெயரிட்டு, வரிசைப்படுத்தி, ஏற்றும் வேலை ஒரு ஏஐ ஏஜென்டிடம் போனது.

தொடங்கும் முன் பழைய பஸ் கண்டக்டர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். மனைவி இறந்துவிட்டாள், ஒரே மகன் துபாயில்.

"நாப்பத்தி மூணாம் பக்கத்த மட்டும் ஏத்தாண்டாம், சாரே. பயலுக்குத் தெரியாது."

அந்தப் பக்கத்தில் மகனின் பெயருக்கு நேரே தகப்பன் பெயர் எழுதும் கட்டம் காலி. கைக்குழந்தையோடு தனியாக நின்றவளைக் கல்யாணம் செய்து, அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாகவே வளர்த்த மனுஷன். ஏற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்தப் பக்கத்தின் படத்தைத் தனி ஃபோல்டரில் போட்டேன். ஒவ்வொரு படத்தையும் என்னிடம் கேட்டுவிட்டே ஏற்ற வேண்டும் என்றும் ஏஜென்டுக்குச் சொல்லிவைத்தேன். அது கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. ஏற்றலாமா, ஏற்றலாமா என்று அறுபது தடவை கேட்டதும் எரிச்சல் தலைக்கேறி, 'எப்போதும் அனுமதி' என்பதை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. அது எழுதி வைத்த அறிக்கையை நான் படிக்கவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் படித்தேன். கடைசி வரி இது: 'வரிசையில் 43ஆம் பக்கம் விடுபட்டிருந்தது. வேறு ஃபோல்டரில் இருந்ததை எடுத்துச் சேர்த்துவிட்டேன்.'

படிக்க வைத்தது அந்த மகனின் போன். கல்யாணத்துக்கு ஞானஸ்நான சர்டிபிகேட் வேண்டுமாம்.

"அப்பா பேர எழுதாண்டாம், அங்கிள். லிங்க்ல பாத்தேன். புக்குல உள்ளது போலத் தந்தா போதும்."

"மக்கா, உன்ன வளத்த மனுஷன்லா?"

"அப்போ அவரு எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?" போனை வைத்துவிட்டான்.

அன்றைக்கே படத்தை அழித்தேன். அனுமதியையும் எடுத்தேன். பார்த்தவன் பார்த்துவிட்டான், இனி என்ன. ஏஜென்டைத் திட்டவும் வாய் வரவில்லை. அனுமதித்தவன் நான்.

கண்டக்டரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சர்டிபிகேட்டை வாங்க அவரே வந்தார். மகன் கொரியரில் அனுப்பச் சொன்னானாம், வேறொன்றும் சொல்லவில்லையாம். கல்யாணத்துக்கு எத்தனை பஸ் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே உட்கார்ந்தார். புத்தகத்தில் உள்ளபடியே எழுதிய காகிதத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு, மேலிருந்து கீழாக வாசித்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். பிறகு கவரில் போட்டு, ஓரத்தை விரலால் நீவி ஒட்டினார்.

"கொரியர்காரன் அஞ்சு மணிக்கு அடைச்சிருவானா, சாரே?"