நான்கும் ஒன்றாக இறங்கிய நாள்

மம்பா ஊரில், மகன் வீட்டில், என் மருமகள் பேரன் விளையாடிச் சலித்த பொம்மைகளை அலமாரிமேல் ஏற்றிவிட்டு, போன வாரம் ஒளித்த பெட்டியை இறக்குகிறாள். “மாத்தி மாத்திக் கொடுத்தா புதுசுனு நெனச்சுக்குவான் லா, அத்தை.” பெட்டிக்குள் ஏதோ கடகடவென்று உருள்கிறது. எனக்கு அந்தச் சத்தம் ஆகாது.

ஜப்பான்காரன் காலத்தில் எனக்கு ஆறு வயது, தம்பிக்கு மூன்று. அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போயிருந்தார்கள். அம்மா எங்களை ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு மரவள்ளி பிடுங்கப் போவாள். ரப்பர் பால் பிடிக்கும் மங்கு, ரப்பர் கொட்டை போட்ட தகர டப்பா, உடைந்த குடைக் கைப்பிடி, அப்பாவின் பெல்ட்: இந்த நான்கும்தான் எங்கள் விளையாட்டுச் சாமான். தினம் ஒன்றுதான் கைக்கு வரும். மற்ற மூன்றும் பரணில் இருக்கும். பெல்ட் நாளில் தம்பி அதை மோந்துகொண்டே தூங்கிவிடுவான்.

“எல்லாத்தையும் இன்னைக்கே கொடுத்தா நாளைக்கு அழுவீங்க,” என்பாள் அம்மா.

ஒரு நாள், சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் எலும்பும் தோலுமாக வாசலில் நின்று அம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அப்பா செத்துப்போன செய்தி அது என்று பிறகுதான் தெரிந்தது. அம்மா உள்ளே வந்து நான்கையும் எங்கள் முன் வைத்தாள்.

“எல்லாமே இன்னைக்காம்மா?”

“ஆமா. வெளாடுங்க,” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

தம்பி பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு டப்பாவை ஆட்டி ஆட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த வருஷங்களில் நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக விளையாடியது அன்று மட்டும்தான்.

மருமகள் பெட்டியைத் திறக்கிறாள்.

“எல்லாத்தையும் இன்னைக்கே கொடுத்துடாதே, பாதி மேலேயே இருக்கட்டும்மா,” என்கிறேன்.