கம்போனுக்குப் போய்ச் சேர்ந்த குப்பிகள்

லம்யாய் சந்தேகப்படாத ஆள் நோங் பை கிராமத்தில் ஒருவரும் இல்லை. மீன்காரி எடை போடும்போது தராசுத் தட்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பாள். தேர்தலுக்கு யாராவது சட்டை கொடுத்தால், ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்த பிறகுதான் அந்தக் கட்சியைப் பற்றியே யோசிப்பாள். கல்யாணமான புதிதில் புருஷன் கம்போனின் சட்டைப் பையில் ஒரு பிடி தகர மூடிகள் அகப்பட்டன. எவளோ கடைக்காரியோடு தொடர்பு என்று முடிவுகட்டி மூன்று நாள் அவனோடு பேசவில்லை. பரிசுக் குலுக்கலுக்காகச் சேர்த்த மூடிகள் அவை என்று அவன் தலையால் தண்ணீர் குடித்து நம்பவைக்க வேண்டியிருந்தது.

கம்போன் கரும்பு லாரி ஓட்டியவன். வெட்டுக் காலத்தில் ஆலை வாசலில் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும். கண்ணயர்ந்தால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான். அதனால் எல்லா டிரைவர்களும் பழுப்புக் குப்பியில் வரும் ஊக்கபானத்தைக் குடிப்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் குப்பி. இருமல் மருந்துபோல் தித்திக்கும். கம்போன் தண்ணீருக்குப் பதிலாகவே அதைக் குடித்தான். கடைசியில் அந்த வரிசையிலேயே, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தபடி செத்தும் போனான். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தும் அவன் திரும்பித் திட்டவில்லை என்பதால்தான் விஷயம் தெரிந்ததாம்.

மாரடைப்பு என்றார்கள். லம்யாய் நம்புவாளா? அடுத்த லாரிக்காரனில் தொடங்கி, வரிசையில் சோறு விற்றவள்வரை அத்தனை பேரையும் விசாரித்தாள். இருக்கைக்கு அடியில் உருண்டு கிடந்த காலிக் குப்பிகளை மட்டும் அவள் சந்தேகப்படவில்லை. அவற்றைத் துடைத்துக் கொண்டுவந்து அவன் படத்துக்கு முன்னால் அடுக்கினாள்.

அப்பாவின் புண்ணியத்துக்காக மகன் வீரயுத் தலையை மழித்துத் துவராடை கட்டினான். பதினைந்து நாளில் வந்துவிடுவேன் என்று போனவனுக்கு அந்த அமைதி பிடித்துப்போய், ஆறு வருஷமாக ஊர் விகாரத்திலேயே தங்கிவிட்டான். லம்யாய்க்கு அதில் பெருமைதான். செத்தவருக்குப் பிடித்ததைத் துறவிக்குக் கொடுத்து, துறவி அதை உட்கொண்டால் செத்தவருக்குப் போய்ச் சேரும் என்பது அங்கே எல்லாரும் அறிந்த கணக்கு. உச்சிப்பொழுதுக்கு மேல் துறவிகள் சோறு தொடக் கூடாது, குடிக்கலாம். கம்போனுக்குப் பிடித்ததோ குடிக்கிற சாமான். வேறென்ன வேண்டும்? வாரா வாரம் புனித நாளில் இருபது குப்பிகளைத் தட்டில் அடுக்கி எடுத்துப்போனாள்.

ஆனால் கொடுக்கத் தொடங்கிய முதல் மாதமே ஒரு நாள் விகாரத்து மடைப்பள்ளிக்காரர் சனானின் மச்சினி கடையில் அதே குப்பிகளைப் பார்த்ததும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அந்தக் குப்பி எந்தக் கடையில்தான் இல்லை? அதெல்லாம் அவளிடம் செல்லாது. அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு குப்பியிலும் வெள்ளைத்தாள் ஒட்டி, தன் கோணல் எழுத்தில் எழுதினாள்: ‘கம்போனுக்கு. வீரயுத் சாமி மட்டும் குடிக்க.’ இனி எவன் திருடுவான் பார்க்கலாம் என்று திருப்தியாக இருந்தாள்.

இந்த வருஷம் மழை நின்ற கையோடு அவள் இன்னொன்றைக் கவனித்தாள். விடியற்காலையில் துறவிகள் வெறுங்காலோடு வரிசையாகப் பிச்சைக்கு வருவார்கள். மண்டியிட்டு, ஒட்டரிசிச் சோற்றை உருட்டிப் பாத்திரத்தில் போடும்போது அவள் கண்ணுக்கு நேரே வருவது மகனின் கால்கள்தான். அந்தக் கால்கள் உப்பியிருந்தன. நிமிர்ந்து பார்த்தாள். முகமும் ஊதியிருந்தது. பெற்றவளானாலும் துறவியைத் தொடக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு, அந்தக் கால்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ என் பிள்ளைக்கு எதையோ கொடுக்கிறார்கள்.

முதலில் பக்கத்து வீட்டு விலாய் மாட்டினாள்.

“ஏன்டி விலாய், நேத்து சாமிக்கு என்னடி போட்ட?”

“புளிச்ச மீன் துவையல்க்கா. எப்பவும் போடறதுதான்.”

“அதுல எவ்வளவு உப்பு கொட்டற? சாமி முகம் வீங்கிக் கெடக்கு.”

“என் வீட்டுக்காரர் முப்பது வருஷமா அதைத்தான் திங்கறாரு. அவருக்கு வாய்தான்க்கா வீங்கியிருக்கு, வேற ஒண்ணும் வீங்கல.”

பிறகு விகாரத்துக் கிணறு. சுற்றிலும் கரும்புக்காடு, களைக்கொல்லி இறங்கியிருக்கும் என்று ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சுகாதார நிலையத்தில் கொண்டுபோய் வைத்தாள். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சீட்டு வந்தது. சீட்டு எழுதியவன் ஆலைக்காரனுக்குச் சொந்தமா என்று விசாரித்தாள். மீதி இருந்தது சனான். அவரிடம் நேராகவே போனாள்.

“உண்மையைச் சொல்லுங்க. சாமிக்கு ஏதாவது சூரணம் கீரணம் கலக்கிக் கொடுக்கறீங்களா?”

சனான் கரண்டியைக் கீழே வைத்தார். “லம்யாய், அஞ்சு சாமிக்கு ஒரே குண்டான்ல பொங்கறேன். அவருக்கு மட்டும் தனியா விஷம் வைக்க எனக்கு நேரமும் இல்ல, ஆசையும் இல்ல. ஆளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வழியப் பாரு.”

அந்தப் பேச்சிலும் ஏதோ உள்குத்து இருப்பதாகத்தான் அவளுக்குப் பட்டது. ஆனாலும் கூட்டிப்போனாள்.

மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர் வீரயுத்தின் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. பரிசோதனைக்குக் கொடுத்துக் காத்திருந்து, பிற்பகலில் மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள்.

“ரத்த அழுத்தம், சர்க்கரை ரெண்டும் ரொம்ப ஏறியிருக்கு சாமி. சிறுநீரகம் பாதிதான் வேலை செய்யுது. மதியத்துக்கு மேல என்ன குடிக்கறீங்க?”

வீரயுத் தரையைப் பார்த்தான். “ஊக்கபானம்.”

“எத்தனை?”

“நாளைக்கு மூணு.”

“எத்தனை நாளா?”

“ஆறு வருஷமா.”

டாக்டர் பேனாவை மூடினார். “அது ஒண்ணுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா சர்க்கரையை ஏத்தறது அதுதான், அழுத்தத்துக்கும் அது ஆகாது. இன்னியோட நிறுத்தினா மிச்சம் இருக்கறதை ரொம்ப வருஷத்துக்குக் காப்பாத்தலாம். நிறுத்தலேன்னா டயாலிசிஸ்தான். யார் கொடுக்கறாங்க இதை?”

“பக்தர்கள்” என்றான் வீரயுத்.

லம்யாயின் காது விடைத்துக்கொண்டது. தான் கொடுப்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அது வாரத்துக்கு ஒரு தட்டு. அதை ஐந்து துறவிகள் பகிர்ந்துகொள்வார்கள். ஆளுக்கு நாலு வரும். மகன் பேருக்கு ஒரு வாய் நனைத்தால் புண்ணியம் போய்ச் சேர்ந்துவிடும் என்று வைத்திருந்தாள். எழுதி ஒட்டியது திருடனுக்காகத்தானே, மற்றத் துறவிகளுக்காகவா? ஆகவே வேறு யாரோ ஒரு பாவி பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொட்டுகிறாள். அவளைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை.

திரும்பியதும் வீட்டுக்குப் போகாமல் மடைப்பள்ளிக்குப் பின்பக்கம் போனாள். பழைய சாமான்காரனுக்காகச் சனான் காலிக் குப்பிகளைச் சாக்கில் போட்டு வைப்பது அவளுக்குத் தெரியும். ஒரு சாக்கைக் கவிழ்த்தாள். குப்பிகள் கலகலவென்று உருண்டன. ஒன்றை எடுத்தாள். ‘கம்போனுக்கு. வீரயுத் சாமி மட்டும் குடிக்க.’ கீழே போட்டு அடுத்ததை எடுத்தாள். அதிலும் அவள் எழுத்து. இரண்டாவது சாக்கையும் கவிழ்த்தாள். முழங்காலில் உட்கார்ந்து புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். தாள் ஒட்டாத குப்பி ஒன்றுகூட இல்லை.

“மத்த சாமிங்க இதைத் தொடறதில்லம்மா” என்றார் பின்னால் வந்து நின்ற சனான். இந்தத் தடவை அவர் குரலில் குத்தல் இல்லை. “ஒரு மனுஷனுக்குன்னு பேர் எழுதி வந்ததை வேற யார் குடிப்பாங்க? ‘உங்க அப்பாவுக்கு வந்தது, நீங்களே குடிங்க’ன்னு எடுத்து வெச்சிடுவாங்க. அவரும் ஒரு சொட்டு வீணாக்க மாட்டார்.”

வீரயுத் தன் அறைவாசலில் உட்கார்ந்திருந்தான். லம்யாய் எதிரே போய் மண்டியிட்டாள். வணங்கக் கை எழவில்லை. சாமி என்ற வார்த்தையும் வரவில்லை.

“டேய், உனக்குத் தெரியுமாடா?”

“கால் வீங்க ஆரம்பிச்சப்பவே சந்தேகம் வந்துதும்மா.”

“அப்புறம் ஏன்டா சொல்லல? வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா நான் கொண்டுவந்திருப்பேனா?”

“நீங்க ஊர்ல ஒருத்தரையும் நம்ப மாட்டீங்க. டாக்டரை நம்பல, விலாய் அக்காவை நம்பல, சனானை நம்பாமதான் தாளே ஒட்டினீங்க. இது ஒண்ணு மட்டும் அப்பாவுக்குப் போய்ச் சேருதுன்னு நம்பினீங்க. நான் குடிக்கறதைப் பார்க்கறப்ப உங்க முகம் எப்படி இருக்கும் தெரியுமா? அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலம்மா.”

லம்யாய் அழுதாள். ஆறு வருஷமாகத் தேடிய திருடன் கிடைத்துவிட்டான். குப்பிகளில் இருந்த அவனுடைய கோணல் எழுத்து அவளுடையதேதான். மகனின் வீங்கிய கால் ஒரு முழம் தள்ளி இருந்தது. தொடக் கூடாது. முந்தானை நுனியைத் தரையில் அவன் கால்பக்கம் விரித்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அடுத்த புனித நாளில் அவள் ஒரு பானைத் தண்ணீரும் ஐந்து தம்ளர்களும் கொண்டுவந்தாள். எதிலும் பெயர் எழுதவில்லை. வீரயுத் ஒரு தம்ளர் குடித்து முடிக்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தாள். துறவிகள் மந்திரம் ஓத, செத்தவர்களுக்காகக் கிண்ணத்தில் நீர் வார்த்தாள். பிறகு வழக்கப்படி அந்த நீரை அரசமரத்தடியில் ஊற்றப் போனாள். எல்லாரும் முணுமுணுவென்று ஏதோ சொல்லிவிட்டுத் திரும்புவார்கள். லம்யாய் கிண்ணத்தைச் சாய்த்தபடி, வேருக்கு நேராகக் குனிந்து சத்தமாகவே சொன்னாள்.

“இந்தாங்க, தண்ணி. இனிமே இதுதான் உங்களுக்கு. அந்தக் குப்பி கேட்டு யார் கனவுலயும் வராதீங்க. கோவம் வந்தா என்கிட்ட வாங்க, பிள்ளைகிட்ட போகாதீங்க. உங்களை வாரிக் கொடுத்தாச்சு. அவனையும் கொடுக்க என்னால ஆகாது.”

கிண்ணம் காலியாகிவிட்டதா என்று கவிழ்த்து உதறிப் பார்த்துக்கொண்டாள்.