மேரிசாந்தி காய்ச்சாத பால்

பால் கொதிக்கவில்லை.

கால் மணி நேரமாகப் பதினொரு பேர் ஒரே பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டொன்காஸ்டர் நகரத்தில் மகன் டெனுசன் புதிதாக வாங்கிய வீட்டின் குசினி அது. தளபாடம் எதுவும் இன்னும் வந்து சேரவில்லை. சன்னல் விளிம்பில் மடுமாதாவின் படமும் ஒரு மெழுகுதிரியும் இருந்தன. கறுப்புக் கண்ணாடி அடுப்பின் மேல் ஒரு புத்தம் புதிய அலுமினியப் பானை, கழுத்தில் வெள்ளை றிபன் கட்டியபடி உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் மேரிசாந்தி நின்றாள்.

புது வீட்டுக்குப் போனால் முதலில் பால் காய்ச்ச வேண்டும். வீட்டுக்காரி கையால் காய்ச்ச வேண்டும். பால் பொங்கி வழிந்த கணத்திலிருந்து அந்த அடுப்பு அவளுடையது, அந்த வீடு அவளுடையது. அதற்காகத்தான் மேரிசாந்தியை லண்டன் தோர்ண்டன் ஹீத்திலிருந்து விடியவே வான் வண்டியில் ஏற்றி, அவ்வளவு தூரம் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருந்தார்கள். அவளை யாரும் கேட்கவில்லை.

அவளை எப்போதுதான் யார் கேட்டார்கள்?

இருபத்தொரு வயதில் பேசாலை ஊரில், சண்டை நெருங்கிய ஒரு காலைநேரம், "எழும்பு, வெளிக்கிடு" என்றார் தகப்பன். கைக்கு அகப்பட்ட துணியைப் பையில் திணித்துக்கொண்டு மடுமாதா கோயிலுக்கு நடந்தாள். மடுவில் மரத்தடியில் நான்கு மாதம். பிறகு சின்னண்ணன் வந்து, "வெளிக்கிடு, வள்ளம் நிக்குது" என்றான். மண்டபம் முகாமில் ஆறு வருடம் தகரக் கூரைக்குக் கீழே கிடந்தாள். அதற்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது. லண்டனில் கிறிஸ்துராஜா என்று ஒருவர், நல்ல மனிதர், கோயில் குளம் தவறாதவர், கலியாணம் பேசியாயிற்று, வெளிக்கிடு. ஈஸ்ட்ஹாமில் ஒரு அறை. மிச்சம் என்ற இடத்தில் இரண்டு அறை. கடைசியில் தோர்ண்டன் ஹீத். ஒவ்வொரு முறையும் அவள் கையில் ஒரு பை இருந்தது. எங்கே போகிறோம் என்பது மட்டும் எப்போதும் இன்னொருவர் வாயில் இருந்தது.

நாற்பத்தைந்தாவது வயதில்தான் அவள் முதன்முதலாக ஒன்றைத் தானாகத் தீர்மானித்தாள். பஸ் ஓட்டப் போகிறேன் என்றாள். கிறிஸ்துராஜா சிரித்தார். கோயிலில் சிரித்தார்கள். அருள்மலர், கிறிஸ்துராஜாவின் தங்கை, "மச்சாள், உங்களுக்குக் கால் பிரேக்குக்கு எட்டுமோ?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். மேரிசாந்தி இரண்டு முறை பரீட்சையில் தோற்றாள். மூன்றாம் முறை தேறினாள். பதினொரு வருடமாகப் பிரிக்ஸ்டனுக்கும் குரொய்டனுக்கும் இடையில் அந்த இரட்டைத் தட்டு வண்டி அவள் கையில் ஓடியது. எந்தத் திருப்பத்தில் பக்கக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும், எந்த நிறுத்தத்தில் சக்கர நாற்காலிக்காரர் காத்திருப்பார், எந்தப் பள்ளிக்கூடம் விட்டால் மேல்தட்டு அதிரும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். மற்ற ஊர்களில் அவள் இருந்தாள். இந்த ஊரைத்தான் அவள் படித்தாள்.

அந்த ஊரை விட்டுப் போகிறாள் என்ற செய்தியை அவளே ஒரு மாதம் முன்பு, தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் கேள்விப்பட்டாள்.

"எங்களை விட்டிட்டுப் போறியளாம் மச்சாள்" என்றாள் அருள்மலர். "அண்ணை சொன்னவர். பிரியாவிடைக் கேக்குக்கு ஓடர் குடுத்தாச்சு."

மேரிசாந்தி தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவி வைத்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டாள்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் இருந்தனான்" என்றார் கிறிஸ்துராஜா. "நீர் எப்ப பார்த்தாலும் ஷிப்ட்."

"சொல்லவோ வேணும்? கேக்க வேண்டாமோ?"

"இதிலை கேக்க என்ன கிடக்கு? வீட்டுக்காரன் வீட்டை விக்கிறான். இந்த மாதக் கடைசியோடை நாங்கள் வெளியாலை. லண்டனிலை இனி எங்களுக்கு ஒரு கோழிக்கூடும் அகப்படாது. டொன்காஸ்டரிலை எங்கடை பொடியன் கீழ்த்தட்டிலை எங்களுக்கெண்டு அறை விட்டிருக்கிறான். தோட்டம் கிடக்கு. மூச்சு விட இடம் கிடக்கு. அங்கையும் பஸ் ஓடுதுதானே?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அறுபத்துமூன்று வயது, பெற்றோல் நிலையத்தில் இருபத்தைந்து வருடம் நின்று தேய்ந்த முழங்கால். ரயிலில் இருக்கை கிடைக்காமல் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது அந்த மனிதரின் முகம் சுருங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். அதனால்தான் அன்று அவள் மேலே ஒன்றும் பேசவில்லை.

பேசாமல் வீடு தேடினாள். வேலை முடிந்து, யூனிபோமோடு, தெருத் தெருவாக ஏறி இறங்கினாள். ஓரிடத்தில் கதவைத் திறந்தவுடன் பூஞ்சணம் மணத்தது. இன்னோரிடத்தில் அவளுக்கு முன்னால் பதினாறு பேர் வரிசையில் நின்றார்கள். கடைசியில் லண்டன் றோட்டில், வாமதேவன் அண்ணையின் மரக்கறிக் கடைக்கு மேலே, ஓர் அறையும் ஒரு குசினியும் கிடைத்தன. வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டாள். தன் பெயரை மட்டும் எழுதினாள். அந்த வீட்டின் திறப்பு, ஒற்றைச் சாவி, இப்போது, இந்த டொன்காஸ்டர் குசினியில், அவளுடைய கைப்பைக்குள் கிடந்தது. யாருக்கும் தெரியாது. வரும் வழி முழுவதும் சொல்ல வாயெடுத்தாள். வான் நிறையச் செபமாலை ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது பால் கொதிக்கவில்லை.

கண்ணாடி அடுப்பில் ஒரு சிவப்பு அடையாளம் மின்னி மின்னி அணைந்தது. டெனுசன் அழுத்தக்கூடிய எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தான். கிறிஸ்துராஜா பானையைத் தூக்கி அடுத்த வட்டத்தில் வைத்தார். பிறகு அதற்கடுத்த வட்டத்தில். பால் குளிர்ப்பெட்டியிலிருந்து வந்த குளிரோடு அப்படியே இருந்தது.

"புது அடுப்பு அப்பா, போன கிழமைதான் பூட்டினவங்கள்" என்றான் டெனுசன்.

"சும்மா இரு" என்றாள் அருள்மலர். அவள் குரல் தாழ்ந்துவிட்டது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். "அண்ணை, எனக்கு இது நல்லதாப் படேல்லை. மாதாவுக்கு விருப்பமில்லைப் போல. மச்சாள் இஞ்சை வாறது அவவுக்கு விருப்பமில்லை."

நிறைமாதத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருந்த மருமகள் றூபினி வயிற்றின் மேல் கையை வைத்தாள். கிறிஸ்துராஜாவின் முகம் வெளிறியது. அந்த மனிதர் மாதாவுக்குப் பயந்தவர். இப்போது மேரிசாந்தி ஒரு பெருமூச்சு விட்டு, "ஓம், அவவுக்கு விருப்பமில்லைத்தான்" என்று சொன்னால் போதும். வானைத் திருப்பிவிடுவார். ஒருவரும் அவளைக் குற்றம் சொல்லமாட்டார்கள். பழி முழுவதும் சன்னலில் இருக்கும் படத்துக்குப் போய்விடும்.

ஆனால் பால் ஏன் கொதிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பஸ் கராஜில் சாப்பாட்டு அறையிலும் இதே அடுப்புத்தான். இன்டக்ஷன். காந்தம் ஒட்டுகிற சட்டி வைத்தால்தான் சூடாகும். அலுமினியப் பானையை விடியும்வரை வைத்தாலும் வைத்தபடி இருக்கும். பானையைக் கண்டவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கால் மணி நேரமாக அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

முப்பத்தைந்து வருடமாக மற்றவர்கள் அவள் வாயால் பேசினார்கள். இப்போது அவள் மாதாவின் வாயால் பேசுவதா?

"மாதாவை விடுங்கோ மச்சாள்" என்றாள் மேரிசாந்தி. "அவ ஒண்டும் சொல்லேல்லை. பானை பிழை. றூபினி, உங்கடை பெட்டியளுக்குள்ளை இரும்புச் சட்டி ஏதும் கிடக்கோ?"

"பாஸ்ரா அவிக்கிறது ஒண்டு இருக்கு மாமி."

"அதைக் கொண்டுவாங்கோ."

றூபினி கொண்டுவந்தாள். மேரிசாந்தி பாலை அதற்குள் ஊற்றினாள். அலுமினியப் பானையின் கழுத்திலிருந்து றிபனை அவிழ்த்துச் சட்டியின் பிடியில் கட்டினாள். பிறகு அடுப்பின் முன்னாலிருந்து ஓர் அடி விலகினாள்.

"வாங்கோ பிள்ளை. நீங்கள் காய்ச்சுங்கோ."

"விசரோ உமக்கு?" என்றார் கிறிஸ்துராஜா. "நீரெல்லோ காய்ச்ச வேணும்."

"வீட்டுக்காரிதான் காய்ச்ச வேணும். இது றூபினியின்ரை வீடு. நான் இஞ்சை இருக்க வரேல்லை."

கைப்பையைத் திறந்து திறப்பை எடுத்தாள். அதை மெழுகுதிரிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்ரை வீடு. வாமதேவன் அண்ணையின்ரை கடைக்கு மேலை. வியாழக்கிழமை எடுத்தனான். நான் லண்டனை விட்டு வரமாட்டன்."

அருள்மலர் தலையில் கை வைத்தாள். டெனுசனின் கண்கள் கலங்கிவிட்டன. கீழ்த்தட்டு அறைக்கு அவனே நிறம் பூசியிருந்தான், தாய்க்குப் பிடித்த இளம் பச்சையில்.

"அப்ப எங்களை வேண்டாமெண்டு சொல்லுறீங்களோ அம்மா?"

மேரிசாந்தி அவன் கன்னத்தைத் தடவினாள். இருந்தாலும் அவள் குனியவில்லை.

"உங்களை வேண்டாமெண்டால் விடிய எழும்பி வந்திருப்பனோ ராசா? பிள்ளை பிறக்கிற மாதம் முழுக்க லீவு கேட்டிருக்கிறன். வருவன். அந்தப் பச்சை அறையிலைதான் படுப்பன். ஆனால் விருந்தாளியா வருவன். என்னைப் பேசாலையிலையிருந்து எழுப்பினவை, மடுவிலையிருந்து எழுப்பினவை, முகாமிலையிருந்து எழுப்பினவை. அப்பவெல்லாம் உயிருக்குப் பயந்து ஓடினனாங்கள், சரி. இப்ப எனக்கு ஒரு பயமும் இல்லை. பிறகு ஏன் ஓட வேணும்? ஊர் விலை ஏறிப்போச்சு, சனம் கூடிப்போச்சு எண்டு சொல்லுறியள். அந்தச் சனத்தைத்தான் நான் நாளும் பொழுதும் ஏத்தி இறக்கிறன். எனக்கு அதுகள் பாரமில்லை."

றூபினி சட்டியின் பிடியைத் தொட்டபடி மெல்லக் கேட்டாள்.

"மாமி, உண்மையாவே நான் காய்ச்சட்டோ?"

அவள் முகத்தில் இருந்த ஆசையைக் கண்டு மேரிசாந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணையும் யாரும் கேட்கவில்லை. தன் வீட்டு அடுப்பில் தானே முதல் பால் காய்ச்ச வேண்டும் என்று அவளுக்கும் இருந்திருக்கிறது.

மூன்று நிமிடத்தில் பால் பொங்கிக் கண்ணாடியெல்லாம் வழிந்தது. அடுப்பு கீச்சிட்டு நின்றுபோனது.

பிற்பகல் ரயிலுக்கு டெனுசன் கொண்டுபோய் விட்டான். இறக்கும்போது தாயின் கோட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டான். கிறிஸ்துராஜா அவளோடு மேடை வரைக்கும் நொண்டி நொண்டி வந்தார். மேரிசாந்தியின் கையில் அந்த அலுமினியப் பானை இருந்தது.

"அதை ஏன் கொண்டுபோறீர்?" என்றார். "அதுதான் உதவாதெண்டு போச்சே."

"இந்த அடுப்புக்குத்தான் உதவாது. எனக்கு அங்கை காஸ் அடுப்பு."

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். இருபத்தொன்பது வருடக் கலியாணத்தில் இப்படி ஒரு பெண்ணின் பக்கத்தில் அவர் நின்றதில்லை.

"எப்ப பால் காய்ச்சப் போறீர்?"

"வாற சனி. காலமை. பின்னேரம் எனக்கு ஷிப்ட்."

"மேலை ஏற எத்தினை படி?"

"பதினேழு."

"கைபிடி கிடக்கோ?"

"கிடக்கு. ஏலுமெண்டால் வாங்கோ. ஏலாதெண்டால் இஞ்சை இருங்கோ, லீவுக்கு நான் வாறன். ஆனால் என்னை வெளிக்கிடு எண்டு மட்டும் இனிச் சொல்லாதேங்கோ."

ரயில் வந்தது. நிறைந்து வழிந்தது. இருக்கை ஒன்றும் இல்லை. மேரிசாந்தி பானையை மார்போடு அணைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் தோளைக் கொடுத்து ஏறி, லண்டன் வரும்வரை நின்றபடியே வந்தாள்.