கல்லில் ஏறாத பெயர்கள்

உபதேசியார் வேலை என்றால் ஜெபமும் பிரசங்கமும்தான் என்று நினைப்பவர்கள், ஒரு சபையின் வரலாற்றை எழுத உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஊர்ச் சபைகளில் ஊழியம் செய்து, கமிட்டியிடம் மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. எண்பதுகளின் நடுவில் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், மெதடிஸ்ட் சபையில் உபதேசியாராக இருந்தேன். கோயிலின் ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட்டோம். அதோடு, சபையைத் தொடங்கிய குடும்பங்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வாசல் சுவரில் பதிக்கலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. பெயர்களைச் சேகரிக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கரையான் விட்ட மிச்சம்

பழைய ஞானஸ்நானப் பதிவேடு பீரோவில் பத்திரமாகத்தான் இருந்தது. முதல் பதினொரு பக்கங்களை மட்டும் கரையான் தின்றிருந்தது. சரி, வீடு வீடாகக் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். ஆறு குடும்பங்கள் தேறின. ஆறும் தாங்கள்தான் முதல் என்றன.

அதில் யேசுதாஸ் என்பவர் தொப்பூர் மலைப்பாதையில் பல வருஷம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். அவருக்கும் அவர் மைத்துனருக்கும் இந்த விஷயத்தில் பேச்சு முறிந்து, ஒருவர் இருக்கும் பக்கம் மற்றவர் உட்காருவதில்லை என்றாகிவிட்டது. ராப்போஜனத்தில் அப்பமும் ரசமும் வாங்கக்கூடச் சேர்ந்து முழங்கால் போடவில்லை. நான் போய்ச் சமாதானம் பேசினேன். யேசுதாஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பரலோகத்துக்கு யாரு முதல்ல போனாலும் பரவாயில்லைங்க உபதேசியாரே. இந்த ஊர்ல நாங்கதான் முதல்ல."

கன்னட வேதாகமம்

ஊர்க் கடைசியில் ரூத்தம்மா வீடு. வீட்டுக்குள் கன்னடம், வெளியே தமிழ். அவர்கள் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் என்று கமிட்டியில் சொல்லிவிட்டதால் நான் முதலில் அங்கே போகவேயில்லை. ரூத்தம்மாவும் கேட்கவில்லை. வேறொரு வேலையாகப் போனபோது, மாமியார் விட்டுப்போன கன்னட வேதாகமத்தை எடுத்துக் காட்டினார். முன்பக்கத்தில் யாரோ மையால் எழுதியிருந்தார்கள். அவருக்கும் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது.

இரவல் வாங்கிக்கொண்டு போய், ஓசூர்ப் பக்கத்துக்காரரான ஒரு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். அவர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுப் படித்துச் சொன்னார். நான்கு பிள்ளைகள் பிறந்த விவரம். அதற்குக் கீழே, கோயில் கட்டும்வரை ஊர் ஜெபம் நம் வீட்டில் நடந்தது என்று ஒரு வரி. திரும்பி வந்து சொன்னபோது ரூத்தம்மா புத்தகத்தை மடியில் வைத்து அந்தப் பக்கத்தை விரலால் தடவினார். பிறகு கேட்டார்: "அப்போ எல்லாரும் எங்க வூட்டுக்குத்தான் வந்தாங்களாங்க? எங்க மாமியா ஒரு நாளும் சொல்லலியே."

ஆக, குடும்பங்கள் ஏழு.

மண்டிக்காரர்

கோயில் நிலம் தர்மபுரியில் புளி மண்டி வைத்திருந்த ஒரு பாய் வீட்டாருடையது. பத்திரத்தில் கிரயம் என்றுதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாய் ஒரு பைசா வாங்கவில்லை என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அவர் பெயரையும் கல்லில் போட அனுமதி கேட்டுப் பேரனைப் பார்க்கப் போனேன். டீ வரவழைத்தார், பத்திர நகலைப் படித்துப் பார்த்தார், சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார். "தாத்தா வித்ததா எழுதி வெச்சிட்டுப் போயிட்டாருங்க. நான் எதுக்கு அவரைக் காட்டிக் குடுக்கணும்?"

சாராள்

ஏழு குடும்பங்களில் சாராளின் குடும்பமும் ஒன்று. முதல் கூரைக்கு மூங்கில் சுமந்து வந்தவர் அவருடைய மாமனார். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சாராளின் மகன் என்னைத் தனியே அழைத்துப்போய், தாத்தா பெயரை விட்டுவிடச் சொன்னார். அவர் மகளுக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. கோயிலில் மேரி, சான்றிதழில் செல்வி. கிறிஸ்தவக் குடும்பம் என்று தெரிந்தால் ஆதிதிராவிடர் சலுகை போய்விடும், இடமும் போய்விடும். கல்லைப் பார்த்து யாராவது ஒரு மனு போட்டால் போதும். கூலி வேலை செய்கிற குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து மேலே வருகிற பெண்.

பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்ததைப் பற்றி அன்று காலைதான் முக்கால் மணி நேரம் பேசியிருந்தேன். அந்த மனிதர் அதைக் கேட்டுவிட்டுத்தான் வந்து நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. உங்கள் அம்மா என்ன சொல்வார்கள் என்று மட்டும் கேட்டேன். அம்மாவுக்கு விஷயமே தெரியாது என்றார்.

மறுநாள் சாராளே வந்தார். எப்படியோ தெரிந்துவிட்டிருக்கிறது. கோயிலைக் கூட்டிவிட்டு, விளக்குமாற்றைச் சாத்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "கல்லுல வேணாங்கய்யா. எங்க மாமனாரு யாருன்னு கர்த்தருக்குத் தெரியும். தாசில்தாருக்குத் தெரிய வேணாம்."

கமிட்டிக் கூட்டம்

ஏழில் ஒரு பெயரைப் போட முடியாத நிலை என்று கமிட்டியில் சொன்னேன். காரணம் கேட்டார்கள். என்னால் சொல்ல இயலாது என்றேன். சத்தம் எழுந்தது. யேசுதாஸ்தான் முதலில் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாராளின் பக்கத்து வீடு. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாக எழுந்தார். "ஒருத்தர் பேரு வர முடியலைன்னா, மத்த ஆறு பேரு எதுக்குங்க? எங்க தாத்தா பேரையும் எடுத்துருங்க."

அவர் மைத்துனர் முதல் ஆளாகக் கை தூக்கினார்.

மாணிக்கம்

"இச்சபையைத் தொடங்கிய குடும்பங்களின் நினைவாக" என்று மட்டும் எழுதிக் கொடுத்தோம். அரூரிலிருந்து கல் வந்தபோது கீழே ஓரமாக, சின்ன எழுத்தில் 'மாணிக்கம்' என்று இருந்தது. கொத்தியவர் பெயர். கல்லோடு வந்திருந்த அவரிடமே இதென்ன என்று கேட்டேன். "யாரு பேருமே இல்லாம கல்லு மூளியா இருந்துச்சுங்க" என்றார்.

எத்தனையோ மாதம் நான் அலைந்து எழுதிய வரலாற்றில் இன்றுவரை நிற்கும் ஒரே பெயர், எங்கள் கோயிலுக்குள் ஒரு நாளும் கால் வைத்திராத மாணிக்கத்துடையதுதான்.