சங்கு ஊதினால் சோறு

மனிதனுக்குப் பசி வயிற்றிலிருந்து வருவதில்லை, சங்கிலிருந்துதான் வருகிறது என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். என்மேல் தப்பில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சூப்பர்வைசராக இருந்தவன் நான். மதியச் சங்கு ஊதினால் தட்டோடு வரிசை நிற்கும். அடுத்த சங்குக்குள் அண்டா காலி.

இந்த ஞானத்தோடுதான் திருவள்ளூர் பக்கம் ஒரு தீம் பார்க்கில், அலைக்குளத்தை ஒட்டிய ஓட்டலுக்கு மேனேஜராகப் போனேன். சமையலுக்கு அத்திப்பட்டு தேவராஜைக் கூட்டிக்கொண்டேன். அவரும் கேன்டீன்காரர். அவருக்கும் சங்குதான் கடிகாரம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை. முதலாளி காலையிலேயே வந்து அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"போன மேனேஜர் தெனம் மீந்த சோத்தக் குப்பையில கொட்டிக்கினு இருந்தான். மூணு மணிக்கு வந்து பாப்பேன். மீந்துச்சுன்னா நாளைக்கு நீ வராத."

பன்னிரண்டரைக்கு நாலைந்து குடும்பங்கள் வந்து உட்கார்ந்தன. சங்கு ஊதியது.

"தேவராஜண்ணே, கரண்டிய எடு" என்றேன்.

உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து குளத்துக்கு ஓடினார்கள். இங்கே அலை கிளம்பப் போகிறது என்பதற்குத்தான் சங்கு.

தேவராஜ் கரண்டியோடு நின்றார். "இன்னா சார் இது, ஊதுனா வருவானுங்கன்னு பாத்தா ஓட்றானுங்க?"

ஒன்றரை வரை பொறுத்தேன். பிறகு குளக்கரைக்கே போய், கழுத்தளவுத் தண்ணீரில் நின்ற ஒருவரிடம், "சார், சூடா பிரியாணி" என்றேன்.

"தள்ளிப் போப்பா, அலை வந்துக்கினு கீது. ஷூ நனையும்."

நனைந்தது.

இரண்டு மணிக்கும் அண்டா அப்படியே நிறைந்திருந்தது. மீதி இருந்தால்தானே வேலை போகும்? பிரியாணி அண்டாவை அப்படியே தள்ளுவண்டியில் ஏற்றி, பார்க்கிங்கில் காத்திருந்த பஸ் டிரைவர்களுக்குப் பரிமாறிவிட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு திரும்பினேன்.

இரண்டரைக்கு அலை மெஷினை நிறுத்தினார்கள். குளத்தில் இருந்த மொத்தக் கூட்டமும் ஈரத் துணியோடு என் ஓட்டலுக்குள் வந்தது. எல்லாரும் கேட்டது பிரியாணி. இருந்தது சாம்பார் சாதமும் தயிர் சாதமும்.

பார்க்கிங்குக்கு ஓடினேன். ஒரு டிரைவர் வாய் கொப்பளித்துவிட்டுச் சொன்னார்: "வயித்துக்குள்ள போனத எப்டி சார் திருப்பித் தர்றது? வோணும்னா அண்டாவ எட்துக்கினு போ."

காலி அண்டாவோடு திரும்பினால் வாசலில் முதலாளி.

"டிக்கெட் எட்தவன் தயிர் சாதம் துன்றான், டிரைவரு பிரியாணி துன்னுட்டுப் பல்லு குத்திக்கினு கீறான். இன்னாய்யா மேனேஜ்மென்ட்டு இது?"

அண்டாவைச் சாய்த்துக் காட்டினேன். "மீதி இல்ல சார்."

அண்டாவையும் பார்த்தார், என் ஈர ஷூவையும் பார்த்தார். உள்ளே போய் அவரே அப்பளம் பரிமாறினார். தயிர் சாதமும் தீர்ந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளே, முதலில் அலை எப்போது நிற்கும் என்று கேளுங்கள். அப்புறம் அரிசி களையுங்கள்.

மறுநாள் நான் வேலைக்குப் போனேன். இரண்டு மணிக்கு மேல்தான் சோறு வடித்தோம்.