சுவருக்கு விட்ட அறை

மேடம் என் உள்ளங்கையில் கொட்டிய அந்த வெள்ளைப் பொடி கோலமாவு போல இருந்தது. "ஒவ்வொரு துகளுக்குள்ளேயும் மெழுகு இருக்கும்மா" என்றார். அம்பத்தூரில் நான் வேலை பார்த்த சிமெண்ட் ஆய்வகத்தின் பொறுப்பாளர் அவர். பூச்சுக் கலவையில் அந்தப் பொடியைச் சேர்த்தால், பகல் வெயிலில் மெழுகு உருகி வெப்பத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும், அறை சூடேறாது. இரவுக் காற்றில் மறுபடி உறைந்தால்தான் மறுநாள் வேலை செய்யும்.

மொட்டைமாடியில் சின்னதாக ஓர் அறை கட்டிச் சோதித்தோம். முதல் நாள் குளுமை. அப்புறம் மற்ற அறைகளைப் போலத்தான். கலவையில்தான் பிழை என்று மேடம் சாப்பாட்டைக்கூட மறந்து அலைந்தார். கடைசியில் பார்த்தால், வாட்ச்மேன் அண்ணன் இரவில் அங்கே படுத்திருக்கிறார், ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு.

"இன்னா மேடம் பண்றது? தொறந்து வுட்டா கொசு ஆளையே தூக்கிகினு பூடும்!"

"உங்களைத் தூக்கணும்னா ஏரிக் கொசு மொத்தமும் வரணுமே அண்ணே" என்று சிரித்தார் மேடம். படியிறங்கும்போதுதான் மெதுவாகச் சொன்னார்: "சுவரைப் பத்தியே யோசிச்சோம். உள்ளே ஆள் படுப்பான்னு யோசிக்கலையே."

இப்போது கோவில்பதாகையில் எங்களுக்கு மேல்மாடி வீடு. மேற்கு வெயிலில் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஏசி போட்டால் சளி பிடித்து மூச்சு இழுக்கிறது. அவள் அறைக்கு அந்தக் கலவையைப் பூசச் சொன்னது நான்தான். ஜன்னலுக்கு வலை அடித்தோம், காற்று நின்றுபோனது, கழற்றினோம். கட்டிலுக்குக் கொசுவலை கட்டினால் உள்ளே வியர்த்து அழுகிறாள்.

"சாத்தும்மா, கீழ்வீட்டுப் பையனுக்கு டெங்கு" என்றார் கணவர். சாத்தினேன். காலையில் சுவர் கதகதவென்று இருந்தது. அன்று முழுக்கக் குழந்தை சொறிந்துகொண்டே இருந்தாள். தாங்காமல் மேடத்தைப் போனில் அழைத்தேன். "ராத்திரிக் காத்து படலைன்னா மெழுகு உறையாதும்மா" என்றார், என்னைவிடக் களைத்த குரலில். "நீ குழந்தையைப் பாரு. சுவர் கோவிச்சுக்காது."

ஆனால் சுவரைப் பார்க்காமல் குழந்தையைப் பார்க்க முடியவில்லையே. இப்போதெல்லாம் பொழுது சாய்ந்ததும் அந்த அறை ஜன்னல்களை விரியத் திறந்து, கதவை வெளியே தாழிட்டுவிடுகிறோம். சுவர் அங்கே காற்று வாங்குகிறது. நாங்கள் மூவரும் ஹாலில் புழுங்குகிறோம். விடிந்ததும் கணவர் மட்டையோடு உள்ளே போய்க் கொசு அடிக்கிறார். பகலில் குழந்தை அங்கே சொறியாமல் தூங்குகிறாள். இது சரிதானா என்று யோசித்துக்கொண்டே, அவள் பக்கத்தில் நானும் கண்ணயர்ந்துவிடுகிறேன்.