சீவுகிற இரும்பு

அலங்காநல்லூருக்கு வடக்கே வெள்ளைத்துரை நடத்திய மாஞ்செடி நர்சரியில் ஒட்டுக்கட்டும் பெண்களுள் ஜெயக்கொடிக்குத்தான் கை வேகம் அதிகம். அவள் கட்டிய ஒட்டுகள்தான் அதிகமாகப் பட்டுப்போகவும் செய்தன.

அதற்குக் காரணம் இருந்தது. மற்றவர்கள் பழைய முறையில், தொட்டிச் செடியைத் தாய்மரத்தின் கிளையோடு சேர்த்துக் கட்டினார்கள். ஒட்டுப் பிடிக்கும்வரை கிளை மரத்திலேயே இருப்பதால் சின்னத் தப்பெல்லாம் அதில் மறைந்துவிடும். எழுபதுகளின் கடைசியில் வெள்ளைத்துரை எங்கோ பார்த்துவிட்டு வந்து புது முறையை ஜெயக்கொடியிடம் கொடுத்தார். கொட்டையிலிருந்து அப்போதுதான் முளைத்த நாற்றின் தலையைச் சீவி, தண்டை நடுவில் பிளந்து, நல்ல மரத்துக் குச்சியை ஆப்புபோலச் சீவி அதற்குள் செருகிக் கட்ட வேண்டும். ஒரே இழுப்பில் சீவ வேண்டும். சீவிய இடம் துளி நசுங்கினாலும் இரண்டும் படியாது. உள்ளே அழுகி, குச்சி கறுத்துவிடும்.

அவள் கையில் இருந்தது முதலாளி டவுனிலிருந்து வாங்கித் தந்த எவர்சில்வர் மடக்குக் கத்தி. துருப்பிடிக்காது, பளபளவென்று இருக்கும். ஆனால் காலையில் தீட்டினால் வெயில் ஏறுவதற்குள் மழுங்கிவிடும். அது குச்சியைச் சீவாமல் பிய்ப்பது அவளுக்கு விரலிலேயே தெரியும். மறுபடி தீட்டுவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கதைதான்.

வெள்ளைத்துரை கெட்டவர் இல்லை. வார்த்தையை யோசித்துப் பேசத் தெரியாதவர். ஒருநாள் பட்டுப்போன ஒட்டுகளைப் பிடுங்கி வரப்பில் போட்டுக்கொண்டே, "எல்லாத்துக்கும் ஒரு கைராசி வேணும்த்தா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜெயக்கொடிக்கு அப்போது கல்யாணமாகிப் பல வருஷம். குழந்தை இல்லை. இரண்டு தடவை தங்கியது, இரண்டு தடவையும் கலைந்துபோனது. அங்கே வேலை பார்த்த பெண்களுக்கெல்லாம் அது தெரியும். முதலாளி சொன்னதைக் கேட்டதும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தார்கள். அவர்கள் குனிந்ததுதான் அவளை அதிகம் சுட்டது.

அவள் புருஷன் மலையாண்டி சமயநல்லூர் ரோட்டோரப் பட்டறையில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றுகிறவன். கைராசிப் பேச்சை அவனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கத்தி சரியில்லை என்று மட்டும் சொன்னாள். அவனுக்கு அது போதும். பட்டறையில் ஒடிந்து கிடந்த ஒரு பட்டையைக் காய்ச்சி அடித்து, மாட்டுக்கொம்பில் பிடி போட்டு, மடக்குக் கத்தி ஒன்று செய்து பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தான்.

"லாரியவே தாங்குற இரும்பு புள்ள. உன் மாங்குச்சி எம்மாத்திரம்" என்றான்.

கத்தி அவன் மனசுபோலவே கெட்டியாக இருந்தது. அதன் முதுகு தடித்திருந்ததால், நாற்றின் தண்டைப் பிளக்கும்போது பிளவு தானாக ஓடிக் கீழேவரை கிழிந்தது. அவள் சாணைக்கல்லில் தேய்த்துத் தேய்த்து மெலிசாக்கிப் பார்த்தாள். அப்போதும் அவள் தேடிய கூர் அதில் நிற்கவில்லை. அவனிடம் சொல்ல மனம் வராமல், அதை மடியில் வைத்துக்கொண்டு எவர்சில்வர் கத்தியிலேயே வேலை பார்த்தாள்.

சில வாரம் கழித்து ஒரு கயிற்றை அறுக்க மலையாண்டி அந்தக் கத்தியைக் கேட்டு வாங்கினான். விரித்துப் பார்த்தான். சாணையில் தேய்த்த தடம் இருந்தது. ஆனால் அலகில் ஒரு சொட்டு மாம்பால் கறைகூட இல்லை.

"இதுல நீ வேலையே பாக்கலயா?"

அவளால் மேற்கொண்டு மறைக்க முடியவில்லை. "இது சொமை தாங்குற இரும்புங்க. எனக்குச் சீவுற இரும்பு வேணும்" என்றாள். பிறகு சொல்ல நினைக்காததும் சேர்ந்து வந்துவிட்டது. "எனக்குக் கைராசி இல்லேன்னு சொல்லிட்டாக."

மலையாண்டி கயிற்றை அறுத்து முடித்து, கத்தியை மடக்கி அவளிடமே கொடுத்தான். அவனுக்கு எதில் வருத்தம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு நர்சரிக்கு வந்தான். ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மத்தியானம்வரை அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பெண்கள் சிரித்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு அவன் இரும்பைப் பார்த்த விதமே மாறியது. முதலில் ஒரு பழைய அரத்தை அடித்துக் கத்தியாக்கினான். இரும்பையே ராவுகிற இரும்பல்லவா அது. ஜெயக்கொடிக்கு முதல்நாள் கொண்டாட்டம்தான். அப்படி ஒரு கூரை அவள் கண்டதில்லை. ஆனால் குச்சியில் ஒரு கணு குறுக்கிட்டதும் கத்தியின் வாய் பல்லுப்பல்லாக உதிர்ந்தது. அதற்குக் கடினம் இருந்த அளவுக்குப் பொறுமை இல்லை.

பிறகு லாரியிலிருந்து கழற்றிப் போட்ட ஒரு பேரிங்கின் வெளிவளையத்தை எடுத்து வந்தான். "குண்டு அம்புட்டு வருசம் உள்ள உருண்டும் தேயலயே" என்பது அவன் கணக்கு. வளையத்தை அறுத்து, காய்ச்சி, நிமிர்த்தி, அலகாகத் தட்டினான். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கியபோது 'டிக்' என்று ஒரு சத்தம். தலைமயிர்போல விரிசல். அடுத்த அலகை எண்ணெயில் முக்கினான். அது தப்பியது. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, அடுப்பில் இரும்புத் தகட்டின்மேல் வைத்து, வைக்கோல் நிறம் ஏறியதும் எடுத்து ஆறவிட்டான். அப்படிச் செய்தால் உதிராது.

மடக்குக் கத்திக்கு அலகை விறைப்பாகப் பிடித்துக்கொள்ள முதுகில் ஒரு ஸ்பிரிங் வேண்டும். அவள் ஒதுக்கிவைத்த முதல் கத்தியைக் கேட்டு வாங்கி, உடைத்து, அதிலிருந்தே அந்த ஸ்பிரிங்கை வெட்டிக்கொண்டான். தாங்குகிற வேலைக்கு அது போதும் என்றான். சொல்லும்போது முகத்தில் வருத்தம் இல்லை.

புதுக் கத்தி குச்சிக்குள் இறங்கியதே தெரியவில்லை. சீவிய இடம் நனைந்த கண்ணாடிபோல மின்னியது. ஆனால் மாம்பால் பட்டதும் அலகு கருநீலமாக மாறியது. சீவிய குச்சியிலும் லேசாகக் கறை படிந்தது. வெள்ளைத்துரை அதைப் பார்த்துவிட்டார். எவர்சில்வரில் இந்தக் கறை வராதே, கறை ஏறினால் ஒட்டு செத்துவிடும், இந்தக் கத்தியால் என் செடியைத் தொடாதே என்று சொல்லிவிட்டார். ஜெயக்கொடி மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது.

எண்பத்தொன்று ஆடியில் அடித்த காற்றில் ராமக்காளின் மாமரம் வேரோடு சாய்ந்தது. ராமக்காள் அதே நர்சரியில் களையெடுப்பவள். நிலம் என்று ஒன்றும் இல்லாத அவளுக்கு, குடிசை ஓரத்து மரம் ஒன்றுதான் சொத்து. அந்தப் பழத்தை விற்றுத்தான் மகள் முனியாயியைக் கட்டிக்கொடுத்தாள். நாருமில்லாமல் புளிப்புமில்லாமல் அப்படி ஒரு பழம் சுற்றுவட்டாரத்தில் வேறு மரத்தில் கிடையாது. மறுநாள் காலையில் அவள் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்து ஜெயக்கொடியின் முன் நின்றாள்.

"எப்படியாச்சும் இத உசுரோட வச்சுக் குடு தாயி."

என் கை எப்படி என்று ஊருக்கே தெரியுமே, வேறு யாரிடமாவது கேள் என்று ஜெயக்கொடி சொல்லிப் பார்த்தாள். ராமக்காள் கிளையைக் கீழே வைக்கவில்லை.

சாய்ந்த மரத்தைச் சுற்றி, உதிர்ந்த பழங்களின் கொட்டைகள் முளைத்துக் கிடந்தன. அன்று சாயங்காலம் ஜெயக்கொடி அங்கேயே உட்கார்ந்தாள். மலையாண்டி கிளை கிளையாகத் தேடி, துளிர்க்கப் போகிற குச்சிகளாகப் பார்த்து நறுக்கிக் கொடுத்தான். அவள் புதுக் கத்தியை எடுத்தாள். கறை நினைவுக்கு வந்தது. எவர்சில்வர் கத்தியையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாதி நாற்றுகளை இதிலும் பாதியை அதிலும் சீவினாள். எவர்சில்வரில் சீவியதற்கு வெள்ளைத் துணியும், கறுத்த கத்தியில் சீவியதற்கு ராமக்காளின் சேலையிலிருந்து கிழித்த சிவப்புத் துணியும் முடிந்தாள். எதற்காக இரண்டு நிறம் என்று ராமக்காள் கேட்கவில்லை.

அடுத்த சில வாரம் ஜெயக்கொடி அந்தப் பக்கமே போகவில்லை. ராமக்காள்தான் வந்து கூப்பிட்டாள்.

வெள்ளை முடிந்தவற்றில் ஒன்றிரண்டு தவிர எல்லாம் கறுத்து நின்றன. சிவப்பிலும் சில பட்டுப்போயிருந்தன. மற்றவற்றின் நுனியில் செம்பு நிறத்தில் தளிர் விரிந்திருந்தது. ஜெயக்கொடி மண்ணில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தொட்டால் வாடிவிடுமோ என்பதுபோல விரலை மடக்கி வைத்துக்கொண்டாள். கறை ஏறிய இடத்தில்தான் பச்சை ஒட்டியிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மலையாண்டியிடம் சொன்னாள். "ரெண்டயும் சீவுனது ஒரே கைதான்."

அவன் "ஆமா" என்றான். அவள் ரோட்டோரம் நின்று முகத்தைத் துடைத்துக்கொள்ளும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

வெள்ளைத்துரை வந்து பார்த்தார். முன்பு சொன்ன வார்த்தையை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வழக்கம் அவருக்குக் கிடையாது. மற்றப் பெண்களுக்கும் அப்படிக் கத்தி செய்து தரச் சொல்லி மலையாண்டிக்கு ஆள் அனுப்பினார். ஜெயக்கொடிக்குக் கடைசிவரை குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் முன்புபோலத் தலை குனிவதை அவள் நிறுத்திவிட்டாள். ராமக்காளின் கன்றுகள் நாலாம் வருஷம் காய்த்தன. முதல் பழத்தை ராமக்காள் மகள் முனியாயிக்குத்தான் கொடுத்தனுப்பினாள். அது நியாயம்தான் என்று ஜெயக்கொடியும் சொன்னாள்.

அந்தக் கத்திக்குப் பராமரிப்பு வேண்டும். ஒரு மழைநாள் துடைக்காமல் விட்டால் செந்துரு ஏறிவிடும். தினமும் வேலை முடிந்ததும் துடைத்து வேப்பெண்ணெய் தடவினாள். தீட்டித் தீட்டி அலகு நாணல்போல ஒடுங்கிப்போனது. எண்பத்தாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுத்த கத்திக்காக இருவரும் பஸ் ஏறி மதுரைக்குப் போனார்கள். பழைய இரும்புக் கடையில் பேரிங் வளையங்கள் குவியலாகக் கிடந்தன. மலையாண்டி தனக்குப் பிடித்த பெரிய வளையம் ஒன்றை எடுத்துத் துடைத்தான். அவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தானே கிளறத் தொடங்கினாள்.